க்ளாட் எழுதப் போற பிள்ளைங்களுக்கு
(திருச்சி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள்கிட்ட ஒரு வக்கீல் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். ஹெச்.எம். அம்மாவுக்கும் டீச்சர்ஸுக்கும், அப்புறம் ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கற அம்மா அப்பாக்களுக்கும் நன்றி சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நவலூர் குட்டப்பட்டுல தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2013லேருந்து நடக்குது. அந்த வழியா பஸ்ல போற பிள்ளைங்களே இங்க இருப்பீங்க, ஆனா உள்ள சேர க்ளாட்னு ஒரு பரீட்சை இருக்கறது யாருக்குத் தெரியும்னு கேட்டா நாலஞ்சு கைதான் மேல வருது. நீட் பத்தி ஊருக்கே தெரியும், இது தெரியல. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, அதனாலதான் வந்தேன்.

நம்ம அரசு சட்டக் கல்லூரிங்கள்ல சேர பிளஸ் டூ மார்க் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது, அங்க படிச்சு ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனவங்க நெறைய பேரு, அத யாரும் கொறச்சு நெனைக்காதீங்க. ஆனா பெங்களூரு, ஹைதராபாத், இதோ நம்ம திருச்சின்னு நாடு முழுக்க இருக்கற இருபதுக்கு மேல தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு க்ளாட்தான் வாசல். 2008க்கு முன்னாடி ஒவ்வொண்ணும் தனித்தனியா பரீட்சை வெச்சுது, பிள்ளைங்க ஊர் ஊரா அலைஞ்சாங்க, அப்புறம் கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி ஒரே பரீட்சையாச்சு. டெல்லி மட்டும் இன்னும் ஐலெட்னு தனியா வெக்குது. நம்ம திருச்சில தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்குன்னு தனியா சீட்டும் இருக்கு, அதுக்குப் போட்டி போட இந்த ஊர்ப் பிள்ளைங்களே வரலன்னா எப்படி?

பேப்பர் இப்படி இருக்கும். 120 கேள்வி, ரெண்டு மணி நேரம், ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் போயிடும். இங்கிலீஷ், நாட்டு நடப்பு, சட்ட ரீசனிங், லாஜிக், கொஞ்சம் கணக்கு. கணக்கு பத்தாங்கிளாஸ் அளவுதான், சதவீதம் விகிதம் மாதிரி, அதுக்கு பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது வாசிப்புக்கு. எல்லா கேள்வியும் ஒரு பத்திய குடுத்து அதுலேருந்துதான் வருது, ஒரு பத்தி 450 வார்த்தை வரைக்கும் போகும், கூட்டிப் பாத்தா ரெண்டு மணி நேரத்துல பத்தாயிரம் வார்த்தைக்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல படிச்சுப் புரிஞ்சு பதிலும் போடணும். சென்னைல வீட்லயே இங்கிலீஷ் பேசி வளர்ந்து, லட்ச ரூபா கோச்சிங்கும் போற பிள்ளையோட நீங்க போட்டி போடறது இந்த ஒரு எடத்துலதான். மூளைல இல்ல, வேகத்துல.

வேகம் பழகினா வரும். நான் சொல்ற வழி இது: காலைல முதல்ல தமிழ் பேப்பர்ல ஒரு முக்கிய செய்திய முழுசா படிங்க, அப்புறம் அதே செய்திய இங்கிலீஷ் பேப்பர்ல படிங்க. விஷயம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கறதால தெரியாத வார்த்தை வந்தாலும் அர்த்தம் தானா பிடிபடும், டிக்‌ஷனரிய ஒவ்வொரு வரிக்கும் தொறக்க வேணாம். சுப்ரீம் கோர்ட் வெப்சைட்ல நெறைய தீர்ப்பு தமிழ்லயும் போட்டிருக்காங்க, அதையும் இதே மாதிரி ரெண்டு பாஷைலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கலாம். பிளஸ் ஒன் பசங்க இன்னைக்கே ஆரம்பிச்சா நாட்டு நடப்புப் பகுதியும் அதுலயே பாதி முடிஞ்சுடும்.

சட்ட ரீசனிங் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நல்லா படிக்கற பிள்ளைங்களே இங்கதான் மார்க்க விடறாங்க. சட்டம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல, விதி பத்திக்குள்ளயே இருக்கும். ஒரு உதாரணம் பாருங்க. 1868ல இங்கிலாந்துல ஒரு தீர்ப்பு, ஆபத்தான பொருள உன் நெலத்துல சேத்து வெச்சு அது வெளிய தப்பிச்சு அடுத்தவனுக்கு நஷ்டம் வந்தா, நீ எவ்ளோ கவனமா இருந்திருந்தாலும் பொறுப்பு உன்னுதுதான், ஆனா இயற்கைச் சீற்றம் மாதிரி சில விதிவிலக்கு உண்டுன்னு வந்துது. டெல்லில ஒரு தொழிற்சாலைல விஷ வாயு கசிஞ்சப்புறம் 1986ல நம்ம சுப்ரீம் கோர்ட், ஆபத்தான தொழில் நடத்தறவனுக்கு அந்த விதிவிலக்கெல்லாம் கிடையாதுன்னு ஒரு படி மேல போச்சு.

இப்போ கேள்வில முதல் விதிய மட்டும் குடுத்துட்டு, ஒருத்தன் பெரிய தொட்டில தண்ணி தேக்கி வெச்சான், பூகம்பம் வந்து தொட்டி ஒடஞ்சு பக்கத்து வயல் மூழ்கிடுச்சு, நஷ்டஈடு தரணுமான்னு கேக்கறாங்க. நாம விவசாயக் குடும்பம், பயிர் போனவன் பக்கம்தான் மனசு போகும், போகணும். கோச்சிங்ல மனப்பாடம் பண்ணின பையனுக்கு 1986 ஞாபகம் வரும். ரெண்டு பேருமே தரணும்னு டிக் அடிப்பாங்க, ரெண்டு பேருக்கும் கால் மார்க் போச்சு. குடுத்த பத்தில விதிவிலக்கு இருக்கு, அதனால தர வேணாம், அவ்ளோதான். அந்த விதி நியாயமா இல்லையான்னு நாளைக்கு கோர்ட்ல நின்னு கேளுங்க, அதுக்குத்தான் உங்கள கூப்பிடறோம், ஆனா அந்த ரெண்டு மணி நேரம் பத்தில இருக்கறது மட்டும்தான் சட்டம். நாலு ஆப்ஷன்ல ரெண்ட தள்ள முடிஞ்சா மீதில ஒண்ண தைரியமா போடுங்க, பத்தியே புரியலன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

ஷம்நாத் பஷீர்னு ஒரு சட்டப் பேராசிரியர் 2010ல இடியான்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாரு, கிராமத்துப் பிள்ளைங்க, ஏழைப் பிள்ளைங்க, மாற்றுத் திறனாளிப் பிள்ளைங்கன்னு தேடிப் போயி இந்தப் பரீட்சைக்கு தயார் பண்றதுக்காகவே. 2019ல அவர் மறைஞ்சுட்டாரு, வேலை நிக்கல. உங்கள மாதிரி பிள்ளைங்களுக்கு உதவ ஆளு இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க.

கடைசியா பெற்றோர்கிட்ட. இப்பல்லாம் பரீட்சை டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமை வருது, அதாவது பிளஸ் டூ பப்ளிக்குக்கு முன்னாடியே, படிக்கும்போதே எழுதலாம். அப்ளிகேஷன் ஜூலை ஆகஸ்ட்லயே தொறந்துடும், அதனால சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ரெண்டையும் இ-சேவை மையத்துல இப்பவே வாங்கி வெச்சிடுங்க. ஃபீஸ் 4000 ரூபா, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு 3500, அதுவும் பெரிய காசுதான்னு எனக்குத் தெரியும். கட்ட முடியாத வீடுன்னா இங்க மைக்ல சொல்ல வேணாம், ஹெச்.எம். அம்மாகிட்ட பேரு குடுங்க, நாங்க கொஞ்சம் வக்கீலுங்க சேந்து கட்டிடறோம். இப்போ கேள்வி கேளுங்க, கடைசி பெஞ்சுலேருந்து ஆரம்பிக்கலாம்.