படகு ஆடினால்தான் படம்

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் இருப்பவர்களுக்குப் ‘பருந்து’ கடற்படை விமான தளத்தைத் தெரியும். 2012-ல் அங்கே ஆளில்லா விமானங்களுக்கென்றே தனி அணி தொடங்கினார்கள். ஹெரான், சர்ச்சர் என்று இரண்டு வகை, இரண்டும் இஸ்ரேல் சரக்கு.

“மேலே இருந்து கேமராவிலா சார் பார்க்குறாங்க?” என்று பாம்பன் மீனவர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேமராவும் உண்டு. இருட்டென்றால் வெப்பக் கேமரா சமாளித்துவிடும். ஐப்பசி மேகத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. அங்கேதான் ரேடார் வருகிறது. மேகத்தையும் ஊடுருவும் ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவி அது.

துல்லியமான படத்துக்குப் பெரிய ஆன்டெனா வேண்டும், சின்ன விமானத்தில் அதை எங்கே வைப்பது? 1951-ல் கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர் வழி சொன்னார். சின்ன ஆன்டெனாவே பறந்துகொண்டு போகட்டும். வழிநெடுக வாங்கிய எதிரொலிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தத் தூரத்துக்கே ஓர் ஆன்டெனா நீட்டிக் கிடந்ததற்குச் சமம்.

தரைக்கு இது சரி. கடலில் படகு நிற்காதே! ஓடுகிற படகு படத்தில் ஓரிடத்திலும், அது கிழித்த தண்ணீர்த்தடம் வேறிடத்திலும் விழும். அதனால் கடலில் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். படகு ஆடும்போது கொடிக்கம்பின் உச்சி வேகமாக அசையும், அடிப்பக்கம் மெதுவாக. நம்மைக் கடக்கும் பேருந்தின் ஹாரன் சுருதி மாறுவதுபோல, அந்த வேக வித்தியாசம் எதிரொலியில் பதியும். அதிலிருந்தே படகின் உருவத்தை வரைந்துவிடலாம். கச்சான் காற்றில் படகு துள்ளினால் படம் தெளிவு, கடல் அசையாமல் கிடந்தால் வெறும் தீற்றல். படகு ஆடுவதைக் குறை சொல்லாத ஒரே ஆள் இந்த ரேடார்தான்.

ஆரம்ப நாட்களில் எதிரொலிகளை ஃபிலிமில் பதிந்து, தரையிறங்கிய பிறகு லென்ஸ் வைத்துப் படமாக்கினார்கள். இப்போது விமானத்துக்குள்ளேயே கணினி அதைச் செய்கிறது. எந்தப் புள்ளி படகு என்று தேர்ந்து, கேமராவை அந்தப் பக்கம் திருப்பவும் செய்யும்.

எனக்குக் கவலை ஃபைபர் வள்ளங்கள்தான். ரேடார் அலையில் பெரும்பகுதி ஃபைபரை ஊடுருவிப் போய்விடும். திரும்பி வருவது எஞ்சினும் ஆட்களும் தரும் கொஞ்சம் எதிரொலி. கொந்தளிக்கும் நாளில் அலைகளின் எதிரொலியிலேயே அதுவும் கரைந்துபோகும். இதற்கு வழி உண்டு. மூன்று உலோகத் தகடுகளை வீட்டு மூலைபோலச் செங்குத்தாகச் சேர்த்து வள்ளத்துக் கம்பில் கட்டினால் போதும், வந்த அலையை வந்த திசைக்கே திருப்பும்.

இதைச் சொன்னதும் அந்தப் பாம்பன் மீனவர் சிரித்தார். “எல்லை தாண்டினாலும் தெரியுமே சார்?”

தெரியும்தான் என்றேன். கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் கேட்டார், “கம்பில் எவ்வளவு உயரத்துல கட்டணும்?”