சாலிட் மெக்கானிக்ஸ் வேலை வேற பேர்ல ஒளிஞ்சிருக்கு

வணக்கம் மக்களே. லைட் கொஞ்சம் டல்லா இருக்கு, பொறுத்துக்கோங்க.

"சாலிட் மெக்கானிக்ஸ் (திடப்பொருள் எப்படி வளையும், எப்படி உடையும்னு பாக்கற துறை) படிச்சா ரிசர்ச் வேலை கிடைக்குமா?"ன்னு கேக்கறவங்க முக்காவாசிப் பேர், சர்ச்ல அந்தப் பேரையே அடிச்சுப் பாத்துட்டு, நாலே நாலு விளம்பரம்தான் வருதுன்னு மனசு விட்டுப் போனவங்க. நானும் அப்படித்தான் ஒரு வருஷம் ஓட்டினேன். வேலை இருக்குங்க, வேற பேர்ல இருக்கு.

பேட்டரிய எடுத்துக்கோங்க. லித்தியம் அயான் பேட்டரில கிராஃபைட்டுக்குப் பதிலா சிலிக்கான் போட்டா ரொம்ப அதிகமா லித்தியம் பிடிச்சு வைக்கும். ஆனா முழுசா சார்ஜ் ஏத்தினா அதோட கன அளவு கிட்டத்தட்ட 4 மடங்கு ஆயிடும். கிராஃபைட் சுமார் 10 சதவீதம்தான் உப்பும். இப்படி உப்பி, சுருங்கி, மறுபடி உப்பினா அந்த சிலிக்கான் துகள் விரிசல் விடாம என்ன செய்யும்? சரி, துகளை எவ்வளவு சின்னதாக்கினா விரிசல் விடாது? இத கெமிஸ்ட்ரி கேள்வின்னு நினைச்சிடாதீங்க. கண்ணாடி ஏன் அவ்வளவு சுலபமா உடையுதுன்னு 1921-ல கிரிஃபித்ங்கற இன்ஜினியர் எழுதின அதே கணக்குதான். விரிசல் நீளணும்னா புதுசா ஒரு பரப்பு உண்டாகணும், அதுக்குச் செலவு உண்டு. உள்ள சேர்ந்திருக்கற எலாஸ்டிக் எனர்ஜி (இழுத்து வச்ச ரப்பர்ல இருக்கற மாதிரி ஆற்றல்) அந்தச் செலவைக் கட்டணும். துகள் சின்னதா இருந்தா அவ்வளவு எனர்ஜி சேராது, விரிசல் அங்கேயே நின்னுடும். ஆனா விளம்பரத்துல 'எனர்ஜி ஸ்டோரேஜ்'னு போட்டிருக்கும். நாம ஸ்க்ரோல் பண்ணிப் போயிட்டே இருப்போம்!

கம்ப்யூட்டர் சிப்பை வெளி இணைப்புகளோட சேர்த்து உறை போடற சிப் பேக்கேஜிங்லயும் இதே கதைதான். ஒரு டிகிரி சூடு ஏறினா தாமிரம் பத்து லட்சத்துல 17 பங்கு நீளும், சிலிக்கான் 3 பங்குகூட நீளாது. ரெண்டையும் ஒட்டி வச்சு சூடேத்தி ஆற வச்சா, ஒட்டின இடம் என்ன பாடு படும்னு பாத்துக்கோங்க. 3டி பிரிண்டிங், ஹைட்ரோஜெல் (தண்ணிய பிடிச்சு வைக்கற ஜெல்), மெட்டாமெட்டீரியல் (உள்ள இருக்கற வடிவமைப்பாலயே புதுக் குணம் வர்ற பொருள்) எல்லாத்துலயும் நம்ம ஆளுங்களுக்கு இடம் இருக்கு. அதனால தலைப்பை விட்டுட்டு, கீழ செய்யவேண்டிய வேலைன்னு போட்டிருக்கற வரிகளப் படிங்க. ஃப்ராக்சர் (முறிவு), ஃபடீக் (திரும்பத் திரும்ப சுமை ஏறி பொருள் சோர்றது), கான்ஸ்டிட்யூட்டிவ் மாடல் (பொருள் சுமைக்கு எப்படி நடந்துக்கும்னு சொல்ற கணக்கு), ஃபைனைட் எலிமென்ட் (பொருளை சின்னத் துண்டுகளா பிரிச்சு கம்ப்யூட்டர்ல போடற கணக்கு)... இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும் அது உங்க வேலை.

நடைமுறை விஷயம் கொஞ்சம் வேகமா சொல்லிடறேன். ஜெர்மனி, நெதர்லாந்து மாதிரி இடங்கள்ல பிஎச்டியே பெரும்பாலும் சம்பளத்தோட வர்ற வேலை, ஒவ்வொண்ணுக்கும் தனி விளம்பரம் வரும். அமெரிக்காவுல பொதுவா டிபார்ட்மென்ட்டுக்கு அப்ளை பண்ணணும். அங்க ஆசிரியர் வேலைன்னா, அடுத்த வருஷம் சேர்றதுக்கு இந்த வருஷக் கடைசிலயே விண்ணப்பம் போயிடணும். ஐரோப்பாவோட மேரி கியூரி போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ரிசர்ச்) ஃபெலோஷிப்புக்குப் போறவங்க ஒண்ணு கவனிங்க. கடைசித் தேதிக்கு முந்தின 36 மாசத்துல, நீங்க போகப்போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. இத சரிபாக்காம ப்ரபோசல் எழுத உக்காராதீங்க.

இப்ப மெயில் விஷயம். இதுல நான் மானம் கெட்டிருக்கேன். ஒரே மெயிலை முப்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன், ரெண்டு மெயில்ல வேற ஆளோட பேரு அப்படியே இருந்துச்சு. பதில் எத்தனை வந்துச்சுன்னு கேக்காதீங்க.

அப்புறம் ஒரே ஒருத்தருக்கு, அவரோட பேப்பர்ல ஒரு படத்தைப் பிடிச்சு எழுதினேன். "இந்த கர்வ் முறியற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, உங்க மாடலும் டெஸ்ட்டும் பிரியுதே, மாடல் காட்டற டேமேஜ், மெஷ்ஷோட (கணக்குக்காகப் பிரிச்ச துண்டுகளோட) அளவைப் பொறுத்து மாறுதா? நானும் இதே சிக்கல்ல மாட்டி, அபாகஸ்ங்கற ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேர்ல யூமேட் (பொருளோட நடத்தைய நாமே எழுதிச் சேர்க்கற கோட்) எழுதி ஒரே ஒரு எலிமென்ட்ல ஓட்டிப் பாத்தேன், ஃபைல் இணைச்சிருக்கேன்"னு அஞ்சு வரி. சிவிகூட ரெண்டு பக்கம்தான். மூணாவது நாள் பதில் வந்துச்சு. அவர்கிட்ட காசு இல்லையாம், ஆனா பக்கத்து குரூப்ல ஆள் தேடறாங்கன்னு, அவங்களையும் சிசில போட்டிருந்தாரு. அந்த குரூப் என்ன பண்றாங்கன்னு பாத்தா, பேட்டரி!