கரி அறையில் எப்பி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நான் சத்தம் போடுகிறேன் என்று காதைப் பொத்திக்கொண்டிருக்கும் எதிரணிக்கு இரண்டு வணக்கம்.

எப்பிக்குத் தகப்பன் பெற்றவனா, வளர்த்தவனா? ஜார்ஜ் எலியட் 1861இல் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ நாவலில் இருந்து எடுத்த கேள்வி. படிக்காதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நெசவாளி சைலஸ் பதினைந்து ஆண்டு தறியோடு கிடந்து சேர்த்த பொற்காசுகள் திருட்டுப்போகின்றன. புத்தாண்டுக்கு முந்தைய இரவு, பனியில் செத்துக்கிடக்கும் தாயை விட்டுத் தத்தித் தத்தி வந்த குழந்தை எப்பி அவன் கணப்பருகே தூங்குகிறது. கிட்டப்பார்வைக்காரன், பொன்னிற முடியைத் தன் காசு என்று நினைத்துத் தடவுகிறான். பெற்றவன் காட்ஃப்ரி, பெரிய வீட்டுப் பிள்ளை. ரகசிய மனைவி செத்தது அவனுக்கு நிம்மதி. வாயே திறக்கவில்லை. குழந்தையை வளர்த்தவன் சைலஸ்.

எதிரணித் தலைவர் கேட்டார்: “பச்சைக் குழந்தையைக் கரி அறையில் அடைத்தவனெல்லாம் தகப்பனா?” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பாதிக் கதைக்கு அவ்வளவு தட்டலாம்.

மீதிப் பாதி இது. சைலஸ் குழந்தையைத் துணிப்பட்டையால் தறியில் கட்டியிருந்தான். தறியில் புதுப் பாவு பூட்டுவதில் அவன் கவனமாக இருந்த ஒரு காலை, கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டிவிட்டு எப்பி ஓட்டம். கல்குழியில் விழுந்துவிட்டாளோ என்று பதறி அலைகிறான். அவளோ ஒரு குட்டையோரம், சேற்றில் கால் பதித்து, செருப்பால் தண்ணீர் மொண்டு மாட்டுக் குளம்புத் தடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு கன்றுக்குட்டி நின்று வேடிக்கை பார்க்கிறது. அள்ளியெடுத்து அழுதுகொண்டே முத்தமிட்டான். தண்டிக்க வேண்டும் என்பதே வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது!

அதே ஊர்ப் பெண் டாலி சொல்லிவைத்திருந்தாள்: ஒன்று அடி, இல்லையென்றால் நிலக்கரி போட்டுவைக்கும் கரி அறை. அடிக்கக் கை வரவில்லை. கரி அறையில் விட்டான். “திற, திற” என்றாள். திறந்துவிட்டான். அரைமணி நேரம் குளிப்பாட்டித் துணி மாற்றி, இனிமேல் சேட்டை செய்யமாட்டாள் என்று திரும்பிப் பார்த்தால், மறுபடியும் கரி அறைக்குள் இருந்து ஒரு கறுத்த முகம்: “எப்பி கயி அயை!”

தலைவரே, இன்னொரு முறை சொல்லட்டுமா? “எப்பி கயி அயை!” அதோடு தண்டனை என்ற சங்கதியையே கைவிட்டான் சைலஸ். இவன் கொடுமைக்காரன்! உங்கள் காட்ஃப்ரி, குழந்தை வந்த அன்றிரவு துணிமணிக்கென்று அரை கினி என்ற பொற்காசைக் கொடுத்தானே, அவன் தகப்பன்! அரை கினி உடனே வந்தது. ‘மகள்’ என்ற சொல் வரத்தான் பதினாறு ஆண்டு ஆயிற்று.

அந்தச் சொல்லோடு அவன் வந்தபோது எப்பி சைலஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு ஒரே அப்பாதான் என்றாள்.

நடுவர் அவர்களே, வாதம் இருக்கட்டும். என்னை வளர்த்தவர் என் சித்தப்பா. பள்ளிப் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்ற இடம் வந்தால் பேனாவை என்னிடம் தந்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது காது மந்தம். அதனால்தான் இத்தனை சத்தமாகப் பேசினேன்.