ஆடம்பர மின்கார் பசுமைப் பயணத்துக்குத் தடையே! - பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, கடைசி வரிசைவரை நிறைந்திருக்கும் அன்பு உள்ளங்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஆடம்பர அதிவேக மின்சார கார்கள் பசுமைப் போக்குவரத்துக்குத் துணையா, தடையா?" துணையே என்று எனக்கு முன் பேசிய அம்மா மூன்று காரணங்கள் சொன்னார்கள். வேகமான கார் வந்த பிறகுதான் மின்சார வண்டிக்கு மரியாதை வந்தது. பணக்காரர்கள் முதலில் வாங்கினால்தான் பிறகு விலை குறைந்து எல்லோருக்கும் வரும். பெட்ரோல் குடிக்கும் வண்டியைவிட மின்சார வண்டி எதுவானாலும் மேல். அழகாகப் பேசினார்கள். ஆனால் மூன்றுமே நிற்காது என்பதுதான் எங்கள் கட்சி.

முதலில் அந்த மரியாதையை எடுத்துக்கொள்வோம். வேகத்தால் வரும் மரியாதை மின்சார காருக்குப் புதிதல்ல. 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிசுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற ஊரில், கமிய் ஜெனட்ஸி என்ற பெல்ஜியக்காரர் டார்பிடோ போலக் கூர்மையான ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். சாலை வண்டி ஒன்று 100 கிலோமீட்டரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அது மின்சார வண்டி!

சரி, அப்படி உலக சாதனை படைத்த வண்டி அடுத்த இருபது ஆண்டில் எங்கே போனது? 1912 வாக்கில் அமெரிக்காவில் ஒரு பெட்ரோல் கார் 650 டாலர், ஒரு மின்சார ரோட்ஸ்டர், அதாவது இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், 1,750 டாலர். கையால் சுழற்றத் தேவையில்லாத ஸ்டார்ட்டர் அந்த ஆண்டுதான் பெட்ரோல் காரில் வந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் விலை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சார கார்தான். வசதியான வீட்டு வாசலில் அது நின்றது. அவர் கணவர் செய்த மலிவு பெட்ரோல் கார் ஊரையே பிடித்துக்கொண்டது. பணக்காரர் வீட்டிலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டிய வண்டி இறங்கவே இல்லை, நடுவர் அவர்களே. அதன் விளைவாக நூறு ஆண்டுகள் புகையைச் சுவாசித்தோம்.

"அது அந்தக் காலம், டெஸ்லாவைப் பாருங்கள்" என்பார்கள். பார்த்துவிடுவோம், அதுதான் அவர்களுடைய பலமான சாட்சி. 2006 ஆகஸ்டில் எலான் மஸ்க் தன் திட்டத்தை வெளிப்படையாகவே எழுதினார்: முதலில் ஸ்போர்ட்ஸ் கார், அந்தப் பணத்தில் நடுத்தர விலைக் கார், அந்தப் பணத்தில் இன்னும் மலிவான கார். 2008இல் டெஸ்லா ரோட்ஸ்டர் என்ற அந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. லேப்டாப்பில் போடுகிற மாதிரி சின்னச் சின்ன செல்கள், ஆறாயிரத்துக்கும் மேல் அடுக்கி ஒரு பேட்டரி. ஒரு சார்ஜில் 390 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியது. மின்சார கார் என்றால் கோல்ஃப் மைதானத்தில் உருளும் வண்டி என்று உலகம் நினைத்திருந்ததை அது மாற்றியது. அந்தப் பெருமையை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்த காருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்தும், விற்ற ரோட்ஸ்டர்கள் ஏறக்குறைய 2,450தான். 2008 முடிவில் கம்பெனியே மூழ்கும் நிலை. 2009இல் ஜெர்மன் கார் கம்பெனி டைம்லர் 5 கோடி டாலர் போட்டது. அமெரிக்க எரிசக்தித் துறை 46.5 கோடி டாலர் கடன் தந்தது. டெஸ்லாவின் அடுத்த காரான மாடல் எஸ்ஸின் தொழிற்சாலை எழுந்தது அந்த அரசுக் கடனில். 2013இல் வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதையும் சொல்வதுதான் நியாயம். அப்படியானால் கைகொடுத்தது கோடீஸ்வரரின் வேக ஆசையா, மக்களின் வரிப்பணமா?

அந்தத் திட்டத்தின் கடைசிப் படிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 25,000 டாலரில் ஒரு கார், சுமார் மூன்று ஆண்டில் தருகிறோம் என்று 2020 செப்டம்பரில் மஸ்க் சொன்னார். மூன்று ஆண்டு கழித்து, 2023 நவம்பரில் வாடிக்கையாளர் கையில் சாவி கொடுத்தது சைபர்டிரக் என்ற பிக்கப் வண்டிக்கு! சுமார் மூன்று டன் எடை. உச்ச மாடலில் 845 குதிரைசக்தி. மலிவு கார் செய்ய வேண்டிய பொறியாளர்களின் உழைப்பும் தொழிற்சாலையின் இடமும் எதற்குப் போயின? இதைத்தான் தடை என்கிறேன்.

இனி, "மின்சார வண்டி எதுவானாலும் மேல்" என்ற வாதம். இதில்தான் என் மனம் அதிகம் நோகிறது, ஏனென்றால் நல்லவர்கள் பலரும் இதை நம்புகிறார்கள்.

ஜி.எம்.சி. ஹம்மர் மின்சார வண்டியை எடுத்துக்கொள்வோம். எடை நான்கு டன்னுக்கு மேல். பேட்டரி மட்டும் 1,300 கிலோ அளவுக்கு. நம் தெருவில் ஓடும் ஒரு முழு மாருதி ஸ்விஃப்டைவிட அதிகம். அந்தப் பேட்டரி 200 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பிடிக்கும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறார்கள். எத்தனை குடும்பங்கள் அந்த 100 யூனிட்டுக்குள் நிற்க மின்விசிறியை அணைத்து அணைத்துப் போடுகின்றன! இந்த வண்டியை ஒரே ஒரு முறை நிரப்ப, அதைப்போல இரண்டு பங்கு.

ஓசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களில் சாதாரணமாக 3 யூனிட் அளவுக்குத்தான் பேட்டரி. ஹம்மர் ஒன்றுக்குப் போகும் பேட்டரியில் 60 ஸ்கூட்டர்களுக்கு மேல் ஓடும். அறுபது பேர் பெட்ரோல் பங்க் பக்கமே போகாமல் வேலைக்குப் போகலாம். லித்தியம் தோண்டி எடுக்க வேண்டிய பொருள். ஊர்ப் பந்திக்குப் பொங்க வேண்டிய அரிசியை ஒரே இலையில் கொட்டலாமா?

அமெரிக்காவில் ஆற்றல் சிக்கனத்தை ஆராயும் ஏ.சி.இ.இ.இ. அமைப்பு 2022இல் ஒரு கணக்குப் போட்டது. அந்நாட்டு மின்நிலையங்களின் சராசரிப் புகையையும் சேர்த்தால், ஹம்மர் மின்வண்டி ஒரு மைலுக்கு 341 கிராம் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. செவர்லே மாலிபு, அதாவது சாதாரண பெட்ரோல் குடும்பக் கார், 320 கிராம். எதிரணி அம்மா இந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடையால் வரும் ஆபத்து வேறு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் மூன்று டன்னைத் தாண்டிய ஒரு மின்சார பிக்கப்பைச் சாலையோரத் தடுப்பில் மோதவிட்டுப் பார்த்தார்கள். தடுப்பைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

சரி, பணக்காரர்களாவது இதைக் கொண்டாடுகிறார்களா? குரோஷியாவின் ரிமாக் கம்பெனி செய்த நெவேரா என்ற மின்சார ஹைப்பர்கார் 1,900 குதிரைசக்திக்கு மேல், விலை சுமார் 20 லட்சம் யூரோ, மொத்தமே 150 கார். பெரும் பணக்காரர்களுக்கு மின்சார ஹைப்பர்காரில் ஆர்வம் இல்லை என்று 2024இல் அந்தக் கம்பெனியின் நிறுவனர் மாட்டே ரிமாக்கே சொல்லிவிட்டார். அவர் தலைமையில் இருந்த புகாட்டி கார் கம்பெனி அதே ஆண்டு அறிமுகப்படுத்திய காரில் 16 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்! இவர்களைப் பார்த்தா நாடு மாறும்?

நாடு எப்படி மாறியது என்று நான் சொல்கிறேன். 2017 முடிவதற்குள் சீனாவின் ஷென்சென் நகரம் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. 2020இல் வூலிங் ஹாங்குவாங் மினி என்ற குட்டிக் கார் வந்தது. தொடக்க விலை 28,800 யுவான், அன்றைய மதிப்பில் சுமார் 3 லட்சம் ரூபாய். அடிப்படை மாடலில் 9.3 யூனிட் பேட்டரி, 120 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு சீனாவில் அதிகம் விற்ற மின்சார கார் அதுதான். பேட்டரி விலை இறங்கியது இந்த எண்ணிக்கையால். நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாத இரும்பு பாஸ்பேட் பேட்டரி வளர்ந்ததும் சீனத்துப் பேருந்திலும் மலிவு காரிலும்தான்.

நம் சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. நிறுத்தத்தில் நின்றதும் வண்டி இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. முழங்கால் வலிக்கிற பாட்டி கம்பியைப் பிடித்துத் தொங்காமல் ஏறுகிறார். சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை விரிகிறது. பின்னால் பைக்கில் நிற்பவர் முகத்தில் புகை இல்லை. 1,900 குதிரைசக்தியில் இந்த நிம்மதி கிடைக்குமா?

எதிரணியினர் நார்வேயை உதாரணம் காட்டினார்கள். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சார கார், உண்மை. ஆனால் அந்த நார்வேயே 2023இல் மின்சார காருக்கான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 5 லட்சம் குரோனரோடு நிறுத்தியது. அதற்கு மேல் விலை போனால், மேற்பட்ட தொகைக்கு வரி கட்ட வேண்டும் என்றது. வண்டியின் எடைக்கும் வரி போட்டது. அனுபவப்பட்ட நாடு எடுத்த முடிவு அது.

இந்தியாவில் என்ன நடக்கிறது? மின்சார வண்டிகளுக்காக மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த ஃபேம் இரண்டாம் கட்ட மானியத் திட்டம் சரியாக யோசித்தது. பேருந்து, ஆட்டோ, ஸ்கூட்டருக்குக் கொடுத்தது, சொந்தக் காருக்கு இல்லை என்றது. ஜி.எஸ்.டி.யில் அந்த யோசனை இல்லை. மின்சார வண்டி என்றால் விலை எதுவானாலும் 5 சதவீதம். முதன்முதலாகச் சின்ன பெட்ரோல் கார் வாங்கும் குடும்பத்துக்கு 18 சதவீதம். இரண்டு கோடி ரூபாய் மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 10 லட்சம். அதே விலைப் பெரிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம், 80 லட்சம். ஒரே ஒரு காருக்கு அரசு விட்டுக்கொடுப்பது 70 லட்சம்.

அடுத்து எதிரணியில் பேச வரும் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு கோடிக்குக் கார் வாங்க முடிந்தவருக்கு இந்த 70 லட்சம் எதற்காக? அதை ஸ்கூட்டருக்கும் பேருந்துக்கும் ஏன் தரக்கூடாது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.