எம்.ஏ. தத்துவம்: பயன் உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பல்கலைக்கழகத்தில் தத்துவம் முதுகலை படிப்பதால் இன்றைய இளைஞருக்குப் பயன் உண்டா, இல்லையா என்பது தலைப்பு. உண்டு என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி இரண்டு காரணம் சொன்னார். வேலை கிடைக்காது, அது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் வசதியான வீட்டில் பிறந்தவரா? படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்ததால் அந்தப் பாடத்தை எடுத்தவர் அவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எம்.ஏ.வும் அந்தப் பாடத்திலேயே முடித்தார்.

சரி, அந்த வகுப்பில் என்னதான் கற்கிறார்கள்? சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பாருங்கள். அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்பே பரபக்கம் என்று பிறர் கொள்கைகளுக்கு ஒரு பகுதி வைத்தார். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கி 14 கொள்கைகள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்பது முதலில், மறுப்பு அப்புறம். தத்துவ மாணவர் பழக வேண்டியது இதைத்தான். சங்கரரை மறுக்க வேண்டுமா? சங்கரரே கேட்டாலும் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை முதலில் எழுது, பிறகு மறு. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக்கி அடிக்கும் பழக்கம் தொலைக்காட்சி விவாதத்திலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழு வரை பரவிக் கிடக்கும் காலம் இது. இந்தப் பயிற்சி பயனற்றதா, நடுவர் அவர்களே?

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவையியல், அதாவது தர்க்கப் பாடமே நடத்துகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். நம் காப்பியத்தில் இருப்பதை நம் பிள்ளை படிக்கக் கூடாதா?

இன்றைய வாழ்க்கைக்கும் வருகிறேன். மீளவே முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கண்ணியமான சாவு என்றால் என்ன, சாக விடுவதும் கொல்வதும் ஒன்றா? மருத்துவமனை வராந்தாவில் ஒரு மகள் இதைக் கேட்டுத் தவிக்கும்போது, கேள்வியைத் தெளிவாக்கித் தரத் தெரிந்தவர் ஒருவர் அருகில் வேண்டும்.

வேலை குறைவு, உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தத்துவம் இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் விருப்பப்பாடமாக இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய துறை 1964இல் உயராய்வு மையமாக வளர்ந்தது. அப்படி வளர்த்த பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் ஏன் குறைகிறது என்று பணியிடத்தை நிரப்ப வேண்டியவர்களைக் கேளுங்கள் தோழி; விண்ணப்பத்தோடு வாசலில் நிற்கும் மாணவியைக் கேட்காதீர்கள்.