ஏழு பேர் வந்தால் போதும்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நூலகப் பணியாளர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் "மின்னூலகங்களில் மக்கள் பங்கேற்பு" என்று தலைப்பு அச்சிட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசை காட்டிவிட்டுப் போவார்கள். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடுங்கள், ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்து கூலி வாங்காமல் வேலையை முடித்துக் கொடுப்பார்கள் என்பார்கள். அப்படி யாரும் ஓடி வர மாட்டார்கள். வருகிற சிலருக்கும் செலவு உண்டு. அப்படியிருந்தும் அவர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலிருந்து தொடங்குகிறேன். ஜெரமி பெந்தம் என்ற சட்ட அறிஞரின் கையெழுத்துத் தாள்கள் ஏறத்தாழ 60,000 அங்கே இருக்கின்றன. 1832-இல் இறந்த அவர், தம் உடலைப் பாடம் செய்து உட்கார வைக்கும்படி உயில் எழுதியவர். இன்றும் உடை உடுத்தி, தொப்பி அணிந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்ப்பது எளிது, அவர் எழுதியதைப் படிப்பதுதான் கடினம். அடித்தல், திருத்தல், ஓரத்தில் ஒரு பத்தி, அந்தப் பத்திக்கு மேல் இன்னொரு வரி என்று தாளை நிரப்பி வைத்திருக்கிறார்.

2010 செப்டம்பரில் கல்லூரி அந்தத் தாள்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு, படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யலாம். முதல் ஆறு மாதங்களில் 1,207 பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒரு தாளையாவது எடுத்து எழுதியவர்கள் 259 பேர். அந்த 259 பேரிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே ஒரு தாளோடு நிறுத்திக்கொண்டார்கள். மொத்த வேலையில் சுமார் 70 விழுக்காட்டைச் செய்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழு பேர்.

இந்தக் கணக்கை மறைக்காமல் வெளியிட்டவர்கள் அந்தத் திட்டத்தை நடத்தியவர்களேதான். இன்னொன்றையும் அவர்களே எழுதினார்கள். தன்னார்வலர்கள் அனுப்பிய பக்கங்களைச் சரிபார்க்க இரண்டு பணியாளர்கள் சம்பளத்தில் இருந்தார்கள். அவர்களே உட்கார்ந்து தாள்களைப் பெயர்த்து எழுதியிருந்தால், தொடக்க காலத்தில் தன்னார்வலர்களைவிடக் கூடுதலாக எழுதி முடித்திருப்பார்களாம். இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எதற்கு இந்த வேலை?" என்று நம் ஊர்க் கணக்குப் பிரிவு கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான்.

விடை சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அந்த ஏழு பேரும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் விலகாமல் நின்றார்கள். பெந்தமின் கையெழுத்தில் அவர்கள் தேர்ச்சி அடைய அடைய, சரிபார்க்கும் நேரம் குறைந்தது. அவர்கள் எழுதிக் குவித்ததைக் கொண்டு, கையெழுத்தைத் தானே படிக்கும் கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பல நாட்டு ஆவணக் காப்பகங்கள் இப்போது பயன்படுத்தும் ட்ரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் வளர்ந்த பாதையில் இந்தத் தாள்களுக்கும் இடம் உண்டு. ஆறு மாதக் கணக்கை மட்டும் பார்த்து மூடியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

ஆகவே மக்கள் பங்கேற்பு என்று நாம் பேசும்போது கண்முன் வைக்க வேண்டியது திருவிழாக் கூட்டத்தை அல்ல. தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவரும்வரை வடத்தை விடாத சிலரைத்தான். அவர்களை அடையாளம் கண்டு நடத்தத் தெரிந்தால் திட்டம் நிற்கும்.

எப்படி நடத்துவது என்பதற்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தைப் பாருங்கள். 1803-இல் வெளிவந்த அந்த நாட்டின் முதல் செய்தித்தாளிலிருந்து தொடங்கிப் பழைய நாளிதழ்களை அவர்கள் மின்னுருவாக்கினார்கள். நுண்படச் சுருளிலிருந்து எடுத்த படம், தேய்ந்த அச்சு, பொடி எழுத்து. படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருளான எழுத்துணரி அதைப் படித்துக் கொடுத்த உரை பல இடங்களில் வெறும் உளறல். உரையில் பெயர் பிழையாக இருந்தால் தேடுகிறவருக்கு அந்தச் செய்தி கிடைக்காது. படம் இருந்தும் பயனில்லை.

2008-இல் சோதனைத் தளத்தைப் பெரிய விளம்பரம் இல்லாமல் திறந்தபோது, படத்துக்குப் பக்கத்தில் உரையை வைத்து, யாரும் திருத்தலாம் என்று விட்டார்கள். பதிவு செய்ய வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. முன் அனுமதியும் இல்லை. திருத்தியவுடன் அது தேடலில் சேர்ந்துவிடும். இயந்திரம் முதலில் படித்ததும் அழியாமல் இருக்கும். நம் அலுவலகங்களில் இப்படி ஒரு கோப்பு மேசைக்கு வந்தால், "விஷமிகள் புகுந்து கெடுத்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று ஓரக்குறிப்பு எழுதித் திருப்பியிருப்பார்கள். முதல் ஆறு மாதத்தில் அப்படி ஒரு நாசவேலைகூடக் கண்ணில் படவில்லை என்று அந்தத் திட்டத்தை நடத்திய ரோஸ் ஹோலி எழுதியிருக்கிறார். பின்னர் ட்ரோவ் என்ற பெயரில் வளர்ந்த அந்தத் தளத்தில், மக்கள் திருத்திய வரிகள் பத்துக் கோடியைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அங்கே வந்தவர்கள் யார்? பெரும்பாலும் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள். தாத்தாவின் மரண அறிவிப்பைத் தேடி வருவார்கள். பெயர் பிழையாக இருக்கும், திருத்துவார்கள். பக்கத்துப் பத்தியில் பாட்டி வந்து இறங்கிய கப்பலின் செய்தி இருக்கும், அதையும் திருத்துவார்கள். அப்புறம் விட மனம் வராது. நூலகத்துக்குச் சேவை செய்கிறேன் என்று கிளம்பி வந்தவர்கள் குறைவு. தன் காரியமாக வந்து, பொதுக்காரியத்தில் மாட்டிக்கொண்டவர்களே மிகுதி. இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதிகம் திருத்தியவர்களின் பட்டியலையும் நூலகம் தளத்திலேயே போட்டது.

பெயர் போடுவது என்றதும் நம் வீட்டுக் கதை நினைவுக்கு வருகிறது. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் அதற்குப் பின்னும், எந்த ஊரில் யார் வீட்டு ஏடு கிடைத்தது என்பதை முகவுரைகளில் நன்றியோடு குறித்தார். அந்தப் பழக்கம் இணையத்திலும் தொடர்ந்தது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று, தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். யூனிகோடு தமிழ் புழக்கத்துக்கு வராத காலம். ஒருவர் தட்டச்சு செய்தது இன்னொருவர் கணினியில் தெரிய, அதே எழுத்துரு வேண்டும். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை நேரம் போக மிஞ்சிய இரவுகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். திருக்குறள் முதல் எண்ணைப் பெற்றது. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். ஊதியம் கிடையாது, மேடை கிடையாது. அந்த இரண்டு வரிதான் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் பங்கேற்புக்கு வேறு பொருள் இருந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன்பின் போரும் இடப்பெயர்வும். மிஞ்சிய ஒற்றைப் பிரதிகள் யார் வீட்டு அலமாரியில், எந்த நாட்டில் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்னுருவாக்க 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய "நூலகம்" திட்டத்துக்கு அந்த அலமாரிகள் திறக்க வேண்டியிருந்தது. சிற்றிதழ், கோயில் மலர், பள்ளி மலர், இறந்தவர் நினைவாக அச்சிடும், அங்கே கல்வெட்டு எனப்படும் சிறு நூல் என்று பெரிய நூலகங்கள் கண்டுகொள்ளாதவை எல்லாம் வந்து சேர்ந்தன. இன்று அந்த ஆவணங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. அங்கே மக்கள் கொடுத்தது நேரத்தை மட்டும் அல்ல, தங்கள் கையில் இருந்த கடைசிப் பிரதியை.

சரி, கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும், நெளிந்த எழுத்தில் இரண்டு சொற்களைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். ரீகேப்ட்சா என்று பெயர். ஒரு சொல்லுக்குக் கணினிக்கு விடை தெரியும், நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க அது. இன்னொன்று பழைய நாளிதழையோ நூலையோ ஸ்கேன் செய்தபோது எழுத்துணரி படிக்க முடியாமல் விட்ட சொல். பலர் ஒரே மாதிரி தட்டினால் அதுவே சரியான சொல் என்று ஏற்றுக்கொள்ளும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையால் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்கள் உரையாயின. 2009-இல் கூகுள் இதை வாங்கியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சாமர்த்தியம், மறுக்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் தாங்கள் வேலை செய்கிறோம் என்பதே தெரியாமல் வேலை செய்தார்கள். எந்தப் பக்கத்தைச் சரிசெய்தோம் என்று அவர்களால் போய்ப் பார்க்க முடியாது. இதையும் ட்ரோவையும் மக்கள் பங்கேற்பு என்ற ஒரே பெயரால் அழைப்பதை நான் ஏற்கவில்லை. தான் செய்ததைத் தானே திரும்ப எடுத்துப் படிக்க முடிகிறதா என்பதே நான் வைக்கும் சோதனை. திருத்திய உரையைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் பூட்டுகிற எந்த நூலகமும் மக்களைக் கூப்பிடும் தகுதியை இழக்கிறது.

புகைப்படங்களைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் போட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றது. படத்தில் இருப்பவர் யார், கட்டடம் எது என்று மக்கள் எழுதினார்கள். ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 500-க்கு மேற்பட்ட படங்களின் அட்டவணைக் குறிப்பில் சேர்த்தார்கள். கருத்து கேட்பது எளிது. கேட்டதை அட்டவணையில் ஏற்றினார்களே, அதுதான் பெரிய காரியம். நம் மாவட்டங்களிலும் பெயர் தெரியாத முகங்களோடு படப்பெட்டிகள் கிடக்கின்றன. அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எண்பது வயது.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று சொல்கிறேனா? இல்லை. மருத்துவப் பதிவேடு, உயிரோடு இருப்பவர்களின் வழக்குத் தாள், ஒருவரின் சாதியைச் சொல்லி இன்றும் அவருக்குத் தீங்கு செய்யக்கூடிய ஆவணம் போன்றவற்றை முதலில் நூலகர் பிரித்து வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை மக்கள் தலையில் கட்டக் கூடாது.

இனி தமிழ் விக்கிமூலம். விக்கிப்பீடியாவைப் போல யாரும் சேர்ந்து உழைக்கக்கூடிய இணைய நூலகம் அது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து, யாரும் பயன்படுத்தும் உரிமத்தில் கொடுத்தது. எழுத்துணரி எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டது. படித்த லட்சணம் என்ன? துணைக்கால் குறியையும் ரகரத்தையும் அதனால் பிரிக்க முடியவில்லை, "காரம்" என்பது "கரரம்" ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்றால் தொல்லை இன்னும் கூடுதல். பழைய ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் உருவமே வேறு. இன்றைய கல்லூரி மாணவர்களும் அவற்றைக் கண்டால் இயந்திரத்தைப் போலவே விழிக்கிறார்கள்.

அங்கே பக்கத்துக்கு நிறம் உண்டு. யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. இரண்டு பேர் இல்லாமல் எந்த நூலும் முடியாது என்பதால்தான் தனியாக வீட்டிலிருந்து செய்கிறவர்கள் சோர்ந்துபோகிறார்கள். நூலகம் கொடுக்க வேண்டியது ஒரு மேசை, மின்சாரம், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலை. கூடவே, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஊழியர். அந்த ஊழியரின் பணிநேரத்தில் இதை எழுத்துமூலம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வாரமே அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நூலாசிரியர் ஒற்று விட்டிருந்தால் அதை நீங்கள் போடாதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். அச்சில் உள்ளது உள்ளபடி வர வேண்டும். திருத்த வேண்டியது இயந்திரத்தின் பிழையை, ஆசிரியரின் பிழையை அல்ல.

நிலைத்திருக்குமா என்று கேட்பீர்கள். 2023-இல் ட்ரோவுக்கு நிதி தீர்ந்து மூடும் நிலை வந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் குரல் எழுப்பினார்கள். அந்த ஏப்ரலில் அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. தன் கையால் வரி வரியாகத் திருத்திய ஒன்றை மூட விடுவார்களா?

இந்த அரங்கின் பின்வரிசையில் இரண்டு கணினிகள் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் இருப்பது 1978-க்கு முந்திய அச்சு. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அதன் முன்னால் உட்காருங்கள், பக்கத்தில் ஒரு மாணவர் தட்டச்சுக்கு இருப்பார். நீங்கள் மஞ்சளாக்கும் பக்கத்தைப் பச்சையாக்க இன்னொரு ஜோடி அடுத்த கணினியில் காத்திருக்கும். தேநீர் ஆறு மணிக்கு.