பனியில் ஒரே தடம்: யெல்லோஸ்டோன் எல்லையில் ஓநாய் வேட்டை

வணக்கம். குரலைத் தணித்துத்தான் பேசுகிறேன். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இன்னும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி நிற்கிறார்கள். இது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, லாமர் பள்ளத்தாக்கு. விடிந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது, அதனால் கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் ஆறு ஓநாய்கள். வெறும் கண்ணுக்குப் பனிமேல் மிளகு சிந்தியது மாதிரி இருந்தது. என் கேமராவுக்கு அவ்வளவு தூரம் எட்டாது, அதனால் காட்ட முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா தன் தொலைநோக்கியை விட்டு விலகி, என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். முன்னால் ஒரு கறுப்பு ஓநாய், நெஞ்சளவு பனியை உழுதுகொண்டு போகிறது. பின்னால் வந்த ஐந்தும் அது வைத்த தடத்திலேயே கால் வைத்து வருகின்றன. ஆறு ஓநாய் போன இடத்தில் ஒரே ஒரு தடம்தான் விழுகிறது! கடைசியில் வந்தது மட்டும் நின்று திரும்பிப் பார்த்தது. மூச்சு வெள்ளையாக வந்தது. அப்புறம் எல்லாம் மரங்களுக்குள் போய்விட்டன.

அந்தக் கறுப்பு ஓநாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

யெல்லோஸ்டோனில் கடைசி ஓநாய்களை 1926-இல் கொன்று தீர்த்தார்கள். அதுவும் பூங்காவைக் காக்க வேண்டிய நிர்வாகமே செய்த வேலை. அதன்பின் சுமார் எழுபது ஆண்டுகள் இங்கே ஓநாய்க் கூட்டமே இல்லை. 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பூங்காவுக்குள் ஏறக்குறைய நூறு இருக்கின்றன. பனிக்காலத்தில் இந்தக் குளிரில் சனங்கள் இங்கே வந்து நிற்பதே அவற்றுக்காகத்தான். ஓநாய் பார்க்க வருகிறவர்களால் சுற்றியுள்ள மூன்று மாநிலங்களுக்கும் ஆண்டுக்கு 3.55 கோடி டாலர் வருகிறது என்று 2005-லேயே ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. எல்லைக் கோட்டைத் தாண்டினால் மாநிலச் சட்டம்: மொன்டானா, வயோமிங், ஐடஹோ. அங்கே வேட்டை சட்டப்படி சரி. ஆனால் அந்தக் கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது, ஓநாய்க்குத் தெரியாது. பனி ஏறும்போது எல்க் மான்கள் தாழ்வான இடங்களுக்கு இறங்குகின்றன. ஓநாய் அவற்றின் பின்னால் போகிறது. வடக்குப் பகுதி ஓநாய்கள் எல்லைக்கு வெளியே இருப்பது தங்கள் நேரத்தில் சுமார் 5 சதவீதம்தான் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. அதுவும் பெரும்பாலும் இலையுதிர் காலக் கடைசியில், வேட்டைப் பருவம் நடக்கிற நேரத்தில்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மனசு கேட்காத விஷயம் அது. இந்த ஓநாய்கள் பிறந்ததிலிருந்து சாலையோரத்தில் மனிதர்கள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவை. நாமும் விதிப்படி குறைந்தது 91 மீட்டர் தள்ளித்தான் நிற்கிறோம், தொந்தரவு செய்வதில்லை. மனிதன் என்றால் ஆபத்தில்லை என்று அவற்றுக்கு நாம்தான் பழக்கியிருக்கிறோம். கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு மனிதன் நின்றால், அது ஏன் ஓட வேண்டும்?

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். நீங்கள் முதன்முதலில் பார்த்த ஓநாய் எது என்று கேட்டேன். "ஓ-சிக்ஸ்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆங்கிலத்தில் 06 என்று அர்த்தம். 2006-இல் பிறந்ததால் அந்தப் பெயர். ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த எண் 832 எஃப். லாமர் கேன்யன் கூட்டத்தின் தலைவி. தனியாகவே ஒரு எல்க் மானை வீழ்த்தக்கூடியது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த காட்டு ஓநாய் அதுதான் என்று சொல்வார்கள். 2012 நவம்பரில் அந்தக் கூட்டத்தின் ஆண் ஓநாய் ஒன்று எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. டிசம்பர் 6-ஆம் தேதி ஓ-சிக்ஸும் போனது. பூங்கா எல்லையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, வயோமிங்கில். சுட்டவர் சட்டத்தை மீறவில்லை. அதன்பின் அதன் துணை ஓநாய் கூட்டத்தில் தங்க முடியாமல் தனியே அலைந்தது. லாமரில் தினமும் கண்ணில் பட்ட குடும்பம் சிதறிப்போனது. பிறகு அதன் மகள் 926 எஃப் அந்தக் கூட்டத்தைத் தாங்கி நடத்தியது. 2018 நவம்பரில் அதுவும் பூங்காவின் வடகிழக்கு வாயிலுக்கு வெளியே சுடப்பட்டது. நாம் இப்போது நிற்கிற இந்தச் சாலையிலேயே போனால் வருகிற வாயில்தான் அது.

நூறில் ஒன்று போனால் என்ன, அடுத்த வருடம் குட்டி போட்டுச் சரியாகிவிடும் என்பார்கள். எண்ணிக்கையில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஓநாயை ஒவ்வொன்றாக எண்ணுவதே தப்பு என்கிறேன். அது குடும்பமாக வாழ்கிற விலங்கு. யெல்லோஸ்டோன், அலாஸ்காவின் டெனாலி உட்பட ஐந்து தேசியப் பூங்காப் பகுதிகளின் தரவை வைத்து 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதரால் ஒரு ஓநாய் செத்தாலே அந்தக் கூட்டம் அந்த ஆண்டு நிலைக்கும் வாய்ப்பு 27 சதவீதம் குறைகிறது. செத்தது தலைமை ஓநாய் என்றால் 73 சதவீதம். முன்னால் பனியை உழுதுகொண்டு போனதே, அதை எடுத்துவிட்டால் பின்னால் வருகிற ஐந்துக்கும் தடமே இல்லை.

பார்க்க வருகிறவர்களுக்கும் இது நேராகத் தெரிகிறது. 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு இதையேதான் அளந்தது. ஒரு கூட்டத்தில் வேட்டையால் ஒன்றும் சாகாத ஆண்டுக்குப் பிறகு யெல்லோஸ்டோனில் ஓநாய் கண்ணில் படுவது 45 சதவீதம் கூடியிருக்கிறது. டெனாலியில் எல்லையை ஒட்டி வேட்டையும் பொறியும் கூடாத பாதுகாப்புப் பட்டை ஒன்று இருந்தது. அது இருந்த காலத்தில் ஓநாயைப் பார்க்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். 2010-இல் அந்தப் பட்டையை எடுத்துவிட்டார்கள்.

மொன்டானாவில் என்ன நடந்தது தெரியுமா? பூங்காவை ஒட்டிய இரண்டு வேட்டைப் பகுதிகளில், பகுதிக்கு ஒரு ஓநாய் என்று வரம்பு இருந்தது. 2021-இல் அதை நீக்கினார்கள். அந்தப் பருவத்தில் மட்டும் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 25 யெல்லோஸ்டோன் ஓநாய்கள் போயின. பூங்காவில் இருந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கு! ஃபாண்டம் லேக் என்ற கூட்டமே அழிந்துவிட்டதாகப் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. அடுத்த ஆண்டு அங்கே மறுபடி வரம்பு வைத்தார்கள், ஆறு ஓநாய் என்று.

பண்ணைக்காரர்கள் கோபமும் எனக்குப் புரிகிறது. கன்றுக்குட்டியை இழந்தவரிடம் போய் ஓநாயின் அழகைப் பேச நான் தயாராக இல்லை. கால்நடையைக் கொன்ற ஓநாய்க்கு என்று தனி விதிகள் இருக்கின்றன, இருக்கட்டும். நான் கேட்பது எல்லையை ஒட்டி வேட்டையில்லாத ஒரு சின்னப் பட்டையை மட்டும்தான். மூன்று மாநிலங்களிலும் வேட்டைக்கு எவ்வளவோ நிலம் இருக்கிறது. இந்தப் பட்டையில் சுடப்படுவது, அமெரிக்கா முழுவதும் காசு கொடுத்துப் பாதுகாத்து, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கிற ஓநாய். மொன்டானாவில் பருவ விதிகளை வகுக்கும் ஆணையம் முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. பார்க்க வருகிற நாமும் அங்கே எழுத வேண்டும். வேட்டைக்காரர்கள் தவறாமல் எழுதுகிறார்கள்.

ஒரு நிமிடம், அந்த அம்மா கையைக் காட்டுகிறார். மரங்களுக்கு மேற்கே வெளியே வந்துவிட்டனவாம். ஆறும் இருக்கின்றன என்கிறார். கேமராவை அணைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்.